சீனத்து ஆன்மச் சாடி: பச்சை மெருகிட்ட ஈமக்கலம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்மச் சாடி என்பது எது?

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதிக்குத் தெற்கே வாழ்ந்த வசதி படைத்த குடும்பங்கள், இறந்தவரோடு கல்லறையில் வைப்பதற்கென்றே செய்வித்த மட்கலம் இது. இன்றைய ஜெஜியாங் மாநிலத்தின் வடக்கிலும் ஜியாங்சு மாநிலத்தின் தெற்கிலும்தான் இவை பெரும்பாலும் கிடைத்துள்ளன. சீனத்தில் இதை ஹுன்பிங் என்பார்கள். களஞ்சியச் சாடி என்ற பெயரும் உண்டு. கீழ்ப்பாதி சாதாரணமான உருண்டை வயிற்றுச் சாடி. தோளுக்கு மேலே மாடங்கள், கோபுர வாயில்கள், மனிதர்கள், விலங்குகள், பறவைகள் என்று ஒரு சிற்றூரே எழுந்து நிற்கும். முழுவதும் சாம்பல் கலந்த பச்சை மெருகுப் பூச்சு.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் உள்ளிட்ட பல சேகரிப்புகளில் இத்தகைய சாடிகள் உள்ளன. இவற்றுள் பெய்ஜிங்கில் உள்ள ஒன்றையே இந்தப் பக்கம் அடிக்கடி எடுத்துக்காட்டும். 46.4 சென்டிமீட்டர் உயரமுள்ள அச்சாடி, 1930களில் ஜெஜியாங் மாநிலத்தின் ஷாவ்ஷிங் பகுதியில் மண்ணிலிருந்து வெளிவந்தது. தன் காலத்தையும் தன் நோக்கத்தையும் தானே எழுதி வைத்திருக்கும் சாடி அது.

உள்ளே எலும்போ சாம்பலோ வைக்கப்பட்டதா?

இல்லை. முதுமக்கள் தாழியை அறிந்த நமக்கு, ஈமச் சாடி என்றதும் எலும்புகளே நினைவுக்கு வரும். இங்கே உடல் தனியே சவப்பெட்டியில், செங்கல் கட்டிய கல்லறை அறைக்குள் கிடத்தப்பட்டது. சாடி மற்றப் படையல் பொருள்களோடு அந்த அறைக்குள் வைக்கப்பட்டது. ஏழு கடல் தாண்டிய இன்னொரு வழக்கத்தின் கண்ணாடியை இதற்கு அணிவிக்காமல் பார்ப்பது நல்லது.

அப்படியானால் இதை எதற்காகச் செய்தார்கள்?

இதுதான் அறிஞர்களிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி. முதன்மையான விளக்கங்கள் இரண்டு.

முதல் விளக்கம், இது இறந்தவருக்கான தானியக் களஞ்சியம் என்பது. கல்லறை என்பது இறந்தவரின் வீடு. வீட்டில் அடுப்பு, கிணறு, பன்றிப்பட்டி, களஞ்சியம் எல்லாம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், இவை அனைத்தையும் சிறிய மண் உருவங்களாகச் செய்து உடன் புதைக்கும் வழக்கம் ஹான் பேரரசுக் காலத்திலேயே (கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை) வேரூன்றியிருந்தது. சாடியின் வாயைச் சுற்றி மொய்க்கும் பறவைக் கூட்டத்தை, தானியம் கொத்த வந்த பறவைகளாக இவ்விளக்கத்தார் காண்கிறார்கள்.

இரண்டாவது விளக்கம், இது ஆன்மாவை அழைத்துக் குடியமர்த்தும் கலம் என்பது. மனிதருக்கு இரண்டு வகை உயிர்க்கூறுகள் உண்டு, ஹுன் என்பது இறப்புக்குப்பின் மேலெழுந்து அலையும், போ என்பது உடலோடு மண்ணில் தங்கும் என்று பழஞ்சீனர் நம்பினர். போரிலோ பயணத்திலோ இறந்து, உடல் கிடைக்காமல் போனவருக்கு, அவருடைய ஆடையைக் காட்டி ஹுன்னை அழைத்து, வெறும் கல்லறையில் அடக்கம் செய்யும் சடங்கு ஒன்று இருந்தது. அலையும் உயிர் வந்து இறங்குவதற்கான மாளிகையே சாடியின் மேற்பகுதி என்றும், பறவைகள் அவ்வுயிரின் பயணத்தைக் குறிப்பவை என்றும் இவ்விளக்கம் கூறும்.

இரண்டாவது விளக்கம் மனத்தைத் தொடுவது என்பதில் ஐயமில்லை. அருங்காட்சியகக் குறிப்புகளில் அதுவே மிகுதியாக இடம்பெறுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். எனினும் உடல் முறையாகக் கிடத்தப்பட்ட கல்லறைகளிலும் இச்சாடிகள் கிடைத்திருப்பதால், உடல் இல்லாதவருக்கென்றே இவை செய்யப்பட்டன என்று கொள்ள வழியில்லை. என் மதிப்பீட்டில், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் சாடி தன்னைப் பற்றித் தானே என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

சாடியில் எழுத்து உள்ளதா? என்ன எழுதியிருக்கிறது?

எல்லாச் சாடிகளிலும் இல்லை. ஆனால் உள்ளவை விலைமதிப்பற்றவை. பெய்ஜிங் சாடியில் ஆமை ஒன்று முதுகில் ஒரு சிறிய கல்வெட்டுப் பலகையைத் தாங்கி நிற்கிறது. உண்மையான நினைவுக் கற்களைத் தாங்கும் ஆமைப் பீடங்களின் சிறு வடிவம் அது. அப்பலகையில் 24 எழுத்துகள் உள்ளன. அவற்றின் கருத்து இது: யோங்ஆன் மூன்றாம் ஆண்டு; செல்வமும் மங்கலமும் உண்டாகுக; உயர் பதவிகள் பொருந்துக; மக்களும் பேரர்களும் பெருகுக; வாழ்நாள் நீளுக; கோடானுகோடி ஆண்டுகளுக்குக் கேடு வாராதிருக்க.

யோங்ஆன் என்பது மூன்று அரசுகள் காலத்தில் தென்கிழக்கை ஆண்ட வூ அரசின் மன்னர் சுன் ஷியூவின் ஆட்சிப் பெயர். அதன் மூன்றாம் ஆண்டு கி.பி. 260. பிற சாடிகளை வரிசைப்படுத்த இது உறுதியான ஓர் ஆணிவேர்.

ஆண்டைவிட முக்கியமானது வேண்டுதலின் பொருள். பதவியும் பிள்ளைப்பேறும் நீண்ட ஆயுளும் இறந்தவருக்கு எதற்கு? இந்த வரிகள் கல்லறைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் உரியவை. கல்லறையில் மூதாதைக்கு உணவும் இசையும் காவலும் நிறைவாக இருந்தால், அவர் அமைதியாக இருப்பார். அவர் அமைதியாக இருந்தால் குடும்பம் தழைக்கும். களஞ்சியமா ஆன்மாவின் மாளிகையா என்ற கேள்விக்குச் சாடி இரண்டும்தான் என்று விடை சொல்வதாகவே எனக்குப் படுகிறது: மூதாதையின் இருப்பு குறைவின்றி இருக்க வேண்டும் என்பதே அதைச் செய்வித்தவரின் கவலை, அந்த இருப்புக்குத் தங்குமிடமும் வேண்டும், தானியமும் வேண்டும். ஆன்மாவின் பயணத்தைப் பற்றிய தத்துவத்தை மட்டும் பேசி, பிள்ளைக்குப் பதவி கிடைக்க வேண்டும் என்ற அந்த வெளிப்படையான ஆசையை விட்டுவிடுவது, சாடியைச் செய்வித்த குடும்பத்துக்கு நியாயம் செய்வதாகாது.

ஜியாங்சுவில் சூச்சோ நகருக்கு அருகே கிடைத்த மற்றொரு சாடியின் பலகை, யுவான்காங் இரண்டாம் ஆண்டையும், அதாவது கி.பி. 292ஐயும், குவாய்ஜி என்ற இடத்தையும் குறிப்பிடுகிறது. குவாய்ஜி இன்றைய ஷாவ்ஷிங் வட்டாரம். அங்கே சுடப்பட்ட சாடிகள் ஆற்று வழியும் கால்வாய் வழியும் வடக்கே சென்று விற்பனையாயின என்பதை இதிலிருந்து அறியலாம்.

மேற்பகுதியில் உள்ள உருவங்களை எப்படிப் பார்க்க வேண்டும்?

கீழிருந்து மேலாகப் பார்ப்பது எளிது. வயிற்றுப் பகுதியில் அச்சில் வார்த்து ஒட்டிய உருவங்கள்: விலங்கின் மீது ஏறிய தேவர்கள், கற்பனை மிருகங்கள், மீன், நண்டு. சில சாடிகளில் வயிற்றில் சிறு துளைகள் இருக்கும். அவற்றில் நுழைவதும் வெளிவருவதுமாகப் பாம்பு போன்ற உயிர்கள் ஊர்ந்திருக்கும். தோள்பகுதியில் மனிதர்கள் வருகிறார்கள். இசைக்கருவி வாசிப்போர், வித்தை காட்டுவோர், கைகட்டி நிற்போர், அவர்களிடையே கூர்ந்த மூக்கும் கூம்புத் தொப்பியுமாக நடு ஆசியாவிலிருந்து வந்த அந்நியர்கள். அதற்கு மேலே இரட்டைக் கோபுர வாயிலும் அடுக்கு மாடமும். உச்சியில் பறவைகள்.

ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் புகைப்படத்தில் இச்சாடியைப் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்தவர்கள். வாயில் உள்ள பக்கம் முன்பக்கம். எனினும் பின்பக்கத்திலும் குயவர் கை ஓயவில்லை. நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தால், கண்ணாடிப் பேழையைச் சுற்றி வந்து பாருங்கள்.

உச்சியில் ஏன் ஐந்து வாய்கள்?

கிழக்கு ஹான் காலத்தில், அதாவது கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில், இதே வட்டாரத்தில் ஐந்து வாய்ச் சாடிகள் செய்யப்பட்டன: நடுவில் ஒரு பெரிய வாய், சுற்றிலும் நான்கு சிறிய வாய்கள். ஆன்மச் சாடிகள் அவற்றின் வழிவந்தவை. காலம் செல்லச் செல்ல நான்கு சிறு வாய்களும் சிறுத்து, மாடங்களுக்கும் பறவைகளுக்கும் நடுவே மறையத் தொடங்கின. வூ அரசுக்குப் பின் வந்த மேற்கு ஜின் அரசின் காலத்துச் சாடிகளில் அவை வெறும் மூலைக் குடங்களாகச் சுருங்கி, கட்டடமே முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஒரு சாடியில் சிறு வாய்கள் எவ்வளவு துலக்கமாக உள்ளன என்பதைக் கொண்டு, அது முந்தியதா பிந்தியதா என்று ஓரளவு மதிப்பிடலாம்.

சில சாடிகளில் புத்தர் உருவம் இருப்பது உண்மையா? அப்படியானால் இவை பௌத்தப் பொருள்களா?

உருவம் இருப்பது உண்மை. உச்சிக் கொண்டையும் தலையைச் சுற்றிய ஒளிவட்டமுமாக, மடிமேல் கை வைத்துத் தாமரை இருக்கையில் அமர்ந்த சிறு உருவங்கள் பல சாடிகளில் ஒரே அச்சிலிருந்து வார்க்கப்பட்டு வரிசையாக ஒட்டப்பட்டுள்ளன. தென் சீனாவில் கிடைத்த மிகப் பழைய புத்தர் உருவங்களுள் இவையும் அடங்கும் என்பதால், சாடிகளின் புகழுக்கு இவையே பெரிய காரணம்.

வரலாற்றுப் பின்னணியும் இதற்குப் பொருந்தி வருகிறது. 2ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜாய் ரோங் என்ற அதிகாரி கீழ் யாங்சிக்கு வடக்கே பெரிய வழிபாட்டு மண்டபம் எழுப்பி, பொன் முலாம் பூசிய வெண்கலப் புத்தரை அதில் நிறுவியதைச் சீன வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. கி.பி. 247இல் காங் செங்ஹுயி என்ற துறவி இன்றைய நான்ஜிங் நகரமான ஜியான்யேவுக்கு வந்தார். அவருக்காக வூ மன்னர் சுன் சுவான் ஒரு மடத்தைக் கட்டுவித்ததாக மரபு கூறும். காங் செங்ஹுயியின் முன்னோர் நடு ஆசியாவின் சோக்டியா நாட்டவர். அவர்கள் நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்தவர்கள், தந்தை வணிகத்துக்காக இன்றைய வடக்கு வியட்நாமில் குடியேறியவர். சாடிகளில் தோன்றும் கூம்புத் தொப்பி மனிதர்களை நினைக்கும்போது இந்தக் குடும்ப வரலாறு நம் கவனத்தை ஈர்க்கிறது.

ஆயினும் இவற்றைப் பௌத்தச் சாடிகள் என்று அழைப்பது மிகை. புத்தரின் உருவம் தேவர்கள், மிருகங்கள், வித்தைக்காரர்கள் ஆகியோருக்குச் சமமான இடத்தில், அவர்களில் ஒருவராகத்தான் இருக்கிறது. வழிபாட்டுக்குரிய தனியிடம் அவருக்குப் பெரும்பாலும் தரப்படவில்லை. மேற்கிலிருந்து வந்த, மரணத்தை வென்ற ஆற்றல் மிக்க தேவர் என்ற அளவிலேயே அக்காலத்து ஷாவ்ஷிங் குயவரும் அவரிடம் வாங்கியவரும் புத்தரை ஏற்றிருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். நானும் அவ்வாறே எண்ணுகிறேன். கொன்று படைக்கும் பலியை மறுத்த ஒரு சமயத்தின் தலைவர், பன்றியும் மீனும் நண்டும் நிறைந்த படையல் சாடியில் அமர்ந்திருப்பதிலேயே, அச்சமயத்தின் போதனை இன்னும் அங்கே முழுமையாகச் சென்று சேரவில்லை என்பது தெரிகிறது.

இதை எப்படிச் செய்தார்கள்? பச்சை நிறம் எதனால் வந்தது?

சாடியின் உடலைத் திரிகையில் வனைந்தார்கள். மாடங்களை மண்பலகைகளாக வெட்டிச் சேர்த்தார்கள். சிறு உருவங்களுள் சிலவற்றை அச்சில் வார்த்தும், சிலவற்றைக் கையால் பிடித்தும், குழைத்த களிமண்ணைப் பசையாகக் கொண்டு ஒட்டினார்கள். பறவைகளை உற்றுப் பார்த்தால் விரல்களால் கிள்ளி இழுத்த வேகம் புலப்படும். தடிமன் வேறுபட்ட இத்தனை துண்டுகளும் ஒரே சீராக உலர வேண்டும், இல்லையென்றால் இணைப்புகள் வெடித்துவிடும். இதைச் சுட்டு எடுத்தவர்கள் களிமண்ணின் போக்கை நன்கு அறிந்தவர்கள்.

மெருகுப் பூச்சு என்பது மரச்சாம்பலும் களிமண்ணும் நீரில் கலந்த கலவை. சாம்பலில் உள்ள சுண்ணாம்பு, உயர்ந்த வெப்பத்தில் களிமண்ணில் உள்ள சிலிக்காவை உருகச் செய்து கண்ணாடிப் படலமாக்குகிறது. கலவையில் சிறிதளவே உள்ள இரும்பு ஆக்சைடுதான் நிறத்தைத் தருவது. சூளைக்குள் காற்று குறைந்து புகை மிகுந்திருந்தால் இரும்பு ஆக்சிஜனை இழந்து பச்சையாகத் தோன்றும். காற்று மிகுதியாகப் புகுந்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். ஒரே சாடியில் ஒருபக்கம் பச்சையும் மறுபக்கம் மஞ்சளும் இருப்பது, சூளையில் நெருப்பும் காற்றும் சென்ற பாதையின் தடம்.

சூளைகள் ஷாங்யூ, ஷாவ்ஷிங் பகுதிக் குன்றுகளின் சரிவில், நீண்ட சுரங்கம் போல ஏறிச் செல்பவை. டிராகன் சூளை என்பது அவற்றின் பெயர். சரிவே புகைபோக்கியின் வேலையைச் செய்து, வெப்பத்தை 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்த்தும். அவ்வெப்பத்தில் மண் கல்போல இறுகும், நீரை உறிஞ்சாது. யுவே மட்கலம் என்று பின்னாளில் பேர்பெற்ற பச்சைக் கலங்களின் தொடக்கக் காலப் படைப்புகளில் ஆன்மச் சாடிகளுக்குச் சிறப்பான இடம் உண்டு.

ஹான் காலத்துப் பச்சைக் களஞ்சியச் சாடிகளும் இவையும் ஒன்றா?

அல்ல. வட சீனத்து ஹான் கல்லறைகளில் கிடைக்கும் அடர்பச்சைச் சாடிகளின் பூச்சில் ஈயம் உண்டு. அவற்றுக்குப் பச்சை நிறம் தந்தது செம்பு. அவை குறைந்த வெப்பத்தில் சுட்ட மென்மையான மண்ணால் ஆனவை. நெடுங்காலம் ஈரமண்ணில் கிடந்ததால் அவற்றின் மேல் வெள்ளிபோல மின்னும் படலம் படர்ந்திருப்பதைக் காணலாம். ஆன்மச் சாடிகளில் அப்படலம் இராது.

இவ்வழக்கம் ஏன் நின்றுபோனது?

கி.பி. 280இல் மேற்கு ஜின் அரசு வூ அரசை வென்று நாட்டை ஒன்றாக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளே இச்சாடிகளின் உச்சக்காலம். 311இல் தலைநகர் லோயாங் வீழ்ந்தது, 316இல் மேற்கு ஜின் அரசே முடிவுற்றது. வடக்கத்திய உயர்குடியினர் பெருந்திரளாக யாங்சியைக் கடந்து தெற்கே வந்தார்கள். புதிதாக வந்தவர்களின் அடக்க முறைகள் வேறாக இருந்தன. கல்லறைப் பொருள்களும் எளிமையாயின.

அக்காலத்தின் துயரத்தை ஒரு வழக்கு காட்டுகிறது. தொங்ஹாய் இளவரசர் சிமா யுவே 311இல் இறந்தார். அவருடைய சவ ஊர்வலத்தை வழிமறித்த ஷி லே என்ற படைத்தலைவர் சவப்பெட்டியைத் தீயிட்டார். இளவரசரின் மனைவி பெய் சீமாட்டி சிறைப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் எப்படியோ தெற்கே வந்து சேர்ந்தார். கணவரின் ஆன்மாவையேனும் அழைத்து அடக்கம் செய்ய வேண்டும் என்று, தெற்கே தொடர்ந்த ஜின் அரசவையில் வேண்டினார். உடல் இல்லாத இடத்தில் கல்லறை எழுப்புவது முறையன்று, ஆன்மாவுக்குரிய இடம் வழிபாட்டு மண்டபமே என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். பேரரசர் யுவான் 318இல் அத்தகைய அடக்கத்தைத் தடை செய்தார். அச்சீமாட்டி தடைக்குப் பணியாமல் குவாங்லிங்கில் கணவருக்குக் கல்லறை அமைத்தார் என்று ஜின் அரசின் வரலாறு சொல்கிறது.

அத்தடையாணையும் சாடிகளின் மறைவும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்பதால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சிலர் கொள்கிறார்கள். இச்சாடிகள் ஆன்மாவை அழைக்கும் அடக்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால், தடையை ஒரு துணைக் காரணமாகவே நான் கொள்வேன். பெரிய காரணம், இவற்றை வாங்கிய தென்னாட்டுக் குடும்பங்களின் நிலை மாறிப்போனதே.

பிற்காலத்தில் இதன் வழித்தோன்றல்கள் உண்டா?

உண்டு. சோங் பேரரசுக் காலத்தில் (கி.பி. 960 முதல் 1279 வரை) ஜெஜியாங்கின் தெற்கிலுள்ள லோங்சுவான் சூளைகளில் பல குழாய்கள் கொண்ட மூடியிட்ட ஈமச் சாடிகளும், உடலில் டிராகனும் புலியும் சுற்றிய சாடிகளும் செய்யப்பட்டன. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள பெர்சிவல் டேவிட் சேகரிப்பில், 1080ஆம் ஆண்டைக் குறிப்பிடும் எழுத்துடன் அத்தகைய சாடி ஒன்று இருக்கிறது.

இதை வாங்கவோ, கொடையாகப் பெறவோ நினைப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அது மண்ணிலிருந்து எப்போது, எப்படி வெளிவந்தது என்ற வரலாறு. 1982இல் சீனா தொல்பொருள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையை 1989இல் ஏற்றது. 2009 முதல் அமெரிக்காவும், தாங் பேரரசுக் காலத்தின் இறுதி (கி.பி. 907) வரையிலான சீனத் தொல்பொருள்கள் உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் வருவதைத் தடுத்துள்ளது. ஆவணமற்ற சாடி பெரும்பாலும் கொள்ளையிட்ட கல்லறையிலிருந்து வந்ததாகவே இருக்கும். கல்லறையில் சாடி எந்த மூலையில் இருந்தது, அருகில் எந்தப் பொருள் கிடந்தது, செங்கல்லில் ஆண்டு பொறித்திருந்ததா என்ற செய்திகளெல்லாம் அக்கொள்ளையில் அழிந்துவிடுகின்றன. அழகு எஞ்சியிருக்கிறது என்று ஆறுதல் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை; இதன் நோக்கம் பற்றிய விவாதம் இன்றுவரை தீராததற்கு அந்த இழப்பும் ஒரு காரணம்.

போலிகளை எப்படிக் கண்டறிவது?

வெப்ப ஒளிர்வுச் சோதனையால், மண் கடைசியாகச் சுடப்பட்டு ஏறத்தாழ எவ்வளவு காலம் ஆயிற்று என்று அறியலாம். அடிப்பகுதியில் சிறிது துளையிட்டு எடுத்த தூளே அதற்குப் போதும். ஆனால் அச்சோதனை துளையிட்ட இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். பழைய சாடியின் அடிப்பாகத்தின் மேல் புதிய மாடங்களை ஒட்டியிருந்தால் அடியின் வயதே முடிவாக வரும். ஆகவே எக்ஸ் கதிர்ப் படத்தில் இணைப்புகளைப் பார்ப்பதும், புற ஊதா ஒளியில் புதுப் பசையும் வண்ணமும் தென்படுகின்றனவா என்று தேடுவதும் தேவை. உண்மையான சாடிகளிலும் பறவைத் தலைகள், கூரை முனைகள் போன்றவை பிற்காலத்தில் மாற்றப்பட்டிருப்பது இயல்பே. மாற்றியதை மறைக்காமல் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும்.

பாதுகாப்பில் எது முக்கியம்?

உயர்வெப்பத்தில் சுட்டதால் ஈரப்பத மாற்றம் இதைப் பெரிதாகப் பாதிக்காது. ஆபத்து கையாளுவதில்தான் உள்ளது. மேற்பகுதியைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. சில சாடிகளில் மேல்மாடம் தனி மூடியாக இருக்கும், அதை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரு கைகளாலும் வயிற்றையும் அடியையும் தாங்கி எடுக்க வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் மட்டும் நீக்க வேண்டும். துணியின் நூல் ஒரு பறவையின் அலகில் சிக்கினாலே அது முறியப் போதும். பழைய ஒட்டுகள் உள்ள சாடியை நீரில் நனைக்கக் கூடாது. நிலநடுக்கம் உள்ள ஊர்களில் அடியைப் பீடத்தோடு இருத்தும் தாங்கிகளும் தேவைப்படும்.